டிரஷரியும் மூலதனச் சந்தையும்: மேற்படிப்பாக எடுக்கலாமா?

கேட்டவர் சென்னையில் பி.காம் முடித்தவர். அம்பத்தூர் பக்கம் ஒரு நடுத்தர நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறார். மேற்படிப்பில் டிரஷரி மேலாண்மையும் மூலதனச் சந்தையும் சிறப்புப் பாடமாக எடுக்க ஆசை. அவர் கேட்டது மூன்று: இதில் உண்மையில் என்ன படிப்பேன்? சந்தை முழுக்க மும்பையில் இருக்க, இங்கே வேலை கிடைக்குமா? எனக்குக் கணக்கு சுமார்தான், தாங்குமா?

இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன். பெரும்பகுதி சென்னையில்தான். சில வருடங்களாக சனிக்கிழமைகளில் இதே பாடத்தை எடுக்கவும் செய்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெயர். கருவூலம் என்று சொன்னால் ஓய்வூதியக்காரர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்கப் போகும் அரசு அலுவலகம்தான் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கம்பெனிகளில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, டிரஷரி என்றே சொல்கிறோம். நீங்கள் இப்போது இருக்கும் கணக்குப் பிரிவு "எவ்வளவு" என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது: எவ்வளவு விற்றோம், எவ்வளவு லாபம், எவ்வளவு பாக்கி. டிரஷரி "என்றைக்கு" என்று கேட்கிறது. அந்த மூன்று கோடி என்றைக்கு வரும்? இந்தக் கடன் என்றைக்கு முடிகிறது? அன்றைக்குக் கையில் என்ன இருக்கும்? இந்த ஒரு சொல் மாற்றத்தைப் பிடித்துக்கொண்டால் பாடத்தின் முக்கால்வாசி பிடிபட்டுவிடும். அதனால்தான் முதல் வகுப்பில் சூத்திரம் எதுவும் எழுதாமல் ஒரு காலை நேரத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். அதையே இங்கேயும் தருகிறேன்.

மாதத்தின் 18ஆம் தேதி, காலை ஒன்பதரை மணி. உங்கள் நிறுவனம் போன்ற ஒன்று. முக்கிய வங்கியில் 10 கோடி கேஷ் கிரெடிட் (வேண்டும்போது எடுத்து, பணம் வந்ததும் கட்டும் கடன்) வரம்பு, அதில் 6 கோடி எடுத்தாகிவிட்டது. வேறு இரண்டு வங்கிகளில் கரன்ட் அக்கவுன்ட், ஒன்றில் 1.4 கோடி, இன்னொன்றில் 80 லட்சம். இருபதாம் தேதி ஜிஎஸ்டி 2.6 கோடி கட்ட வேண்டும். மாதக் கடைசியில் சம்பளம் 1.9 கோடி. ஒரு வாடிக்கையாளர் "22ஆம் தேதி கண்டிப்பாகப் போட்டுவிடுகிறோம் சார்" என்று 3 கோடிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். இப்போது என்ன செய்வீர்கள்?

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சொல்வது, "2.2 கோடி சும்மா கிடக்கிறது, லிக்விட் ஃபண்டில் (குறுகிய காலப் பத்திரங்களில் பணம் போடும் மியூச்சுவல் ஃபண்டில்) போடலாம். பகல் ஒன்றரை மணிக்குள் பணம் போய்ச் சேர்ந்தால் நேற்றைய என்ஏவி, அதாவது நேற்றைய யூனிட் விலை, கிடைக்கும்." விதி சரிதான், முடிவு தப்பு. லிக்விட் ஃபண்டில் ஏழு நாளுக்குள் எடுத்தால் வெளியேறும் கட்டணம் உண்டு, 2019 அக்டோபரிலிருந்து அப்படி. சரி, ஒரே நாள் கடன்களில் பணம் போடும் ஓவர்நைட் ஃபண்டில் போடலாம் என்பார்கள். அங்கே சுமார் 6 சதவீதம் கிடைக்கிறது, கேஷ் கிரெடிட்டுக்கு நாம் 9.5 சதவீதம் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று வையுங்கள். அதில் 2 கோடியை முக்கிய வங்கிக்கு மாற்றிக் கடனைக் குறைத்தால் இரண்டு நாளில் பத்தாயிரத்துச் சொச்சம் ரூபாய் வட்டி மிச்சம். ஃபண்டில் போட்டால் ஆறாயிரத்து ஐந்நூறு வரவு. ஒரு நாளுக்குச் சுமார் 1,900 ரூபாய் வித்தியாசம். இதையே வருடம் முழுக்கப் பழக்கமாக வைத்திருந்தால் 7 லட்சம். எந்தச் செலவுத் தலைப்பிலும் இது தனியாகத் தெரியாது, வட்டிச் செலவுக்குள் ஒளிந்திருக்கும். தணிக்கையாளரும் கேட்கமாட்டார்.

அப்புறம் அந்த 22ஆம் தேதி வாக்கு. அதை நம்பலாமா என்பதைப் புத்தகம் சொல்லாது. அந்த வாடிக்கையாளர் போன பன்னிரண்டு பில்லுக்கு எத்தனை நாள் தாமதித்தார் என்று உங்கள் லெட்ஜரிலேயே இருக்கிறது. கணக்குப் பிரிவில் இரண்டு வருடம் இருந்த உங்களுக்கு அதை எடுத்துப் பார்க்கத் தெரியும். நேராக மேற்படிப்புக்கு வருபவருக்குத் தெரியாது. உங்கள் இரண்டு வருடத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

இப்போது மூலதனச் சந்தைக்கு, அதாவது நிறுவனங்களும் அரசும் பணம் திரட்டும் சந்தைக்கு, வருவோம். பல கல்லூரிகளில் டிரஷரியை ஒருவரும் சந்தையை இன்னொருவரும் எடுப்பார்கள், இரண்டும் தனித்தனிப் பாடம் போல நடக்கும். அது எனக்கு வருத்தமான விஷயம். இரண்டும் ஒரே பணத்தை இரண்டு பக்கத்திலிருந்து பார்ப்பது. மார்ச் 15 முன்கூட்டிய வருமான வரியின் கடைசித் தவணை. உங்கள் நிறுவனம் அன்று கட்டுகிறது, நாட்டின் எல்லா நிறுவனங்களும் கட்டுகின்றன. வங்கிகளிலிருந்த பணம் ரிசர்வ் வங்கியில் இருக்கும் அரசுக் கணக்குக்குப் போகிறது. வங்கிகளிடம் ரொக்கம் இறுகுகிறது, ஓரிரவுக் கடனுக்கான கால் மார்க்கெட் வட்டி ஏறப் பார்க்கிறது, ரிசர்வ் வங்கி ரெப்போ ஏலம் (பத்திரத்தை ஈடாக வாங்கிக்கொண்டு வங்கிகளுக்குக் கடன்) நடத்திப் பணத்தை உள்ளே விடுகிறது. உங்கள் எக்செல் தாளில் ஒரு வரியாக இருந்த வரிப்பணம் சந்தையில் வட்டியை அசைக்கிறது. அதே வாரத்தில் கமர்ஷியல் பேப்பர் (நிறுவனம் சந்தையில் விற்கும் குறுகிய காலக் கடன் பத்திரம்) மூலம் பணம் திரட்டப் போனால் வட்டி கூடுதலாகத்தான் இருக்கும். மூன்று மாதக் கடனை டிசம்பர் நடுவில் எடுத்தால் அது மார்ச் நடுவில் போய் முடியும் என்பதை எடுக்கும்போதே யோசிப்பவர்தான் டிரஷரர்.

இந்த "என்றைக்கு" என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. நகரத்தார் லேவாதேவியில் திருப்பிக் கேட்டதும் கொடுக்க வேண்டிய பணத்துக்கு நடப்பு வட்டி, குறித்த காலத்துக்குப் போட்ட பணத்துக்குத் தவணை வட்டி என்று பிரித்தே வைத்திருந்தார்கள். ரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். இன்று வங்கிகள் தங்களுக்குள் கொடுக்கும் கடனுக்கு அளவுகோலாக இருக்கும் மும்பையின் மைபார் வட்டி செய்யும் வேலையைப் போன்றதுதான் அது. அந்த மரபிலிருந்து வந்த எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது அந்நியச் செலாவணியையும் வெளிநாட்டு வங்கித் தொழிலையும்தான் முதல் நோக்கமாக வைத்தார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளை திறந்தார்கள். மாணவர்கள் டிரஷரி என்றாலே நியூயார்க்கில் பிறந்த கலை என்று நினைக்கிறார்கள், அதனால் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

தவணையைக் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பாடம் இந்த ஊரிலேயே இருக்கிறது. 1906 அக்டோபர் 22, சென்னையின் பெரிய வணிக நிறுவனமான அர்பத்நாட் அண்ட் கோ பணம் கொடுப்பதை நிறுத்தியது. இங்கிருந்த குடும்பங்களின் வைப்புத் தொகையை வாங்கி, லண்டனில் இருந்த துணை நிறுவனம் வழியாக ஊக முயற்சிகளில் முடக்கியிருந்தார்கள். கேட்டதும் கொடுக்க வேண்டிய பணம், கேட்டால் வராத இடத்தில் கிடந்தது. சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்த அடியிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று, 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது.

நூறு வருடம் கழித்தும் அதே கதைதான். 2018 செப்டம்பரில் ஐஎல்&எஃப்எஸ் என்ற உள்கட்டமைப்பு நிதிக் குழுமம் கடன் தவணை தவறியது. மொத்தக் கடன் 90,000 கோடிக்கு மேல். சாலை, சுரங்கப்பாதை போன்ற பல வருடத் திட்டங்கள் ஒரு பக்கம், அதைவிடக் குறுகிய காலத்தில் முடியும் கடன்கள் இன்னொரு பக்கம். அதன் பிறகு கமர்ஷியல் பேப்பர் வாங்க ஆளில்லாமல் வங்கிசாரா நிதி நிறுவனங்கள் திணறின. சென்னை இந்த நிறுவனங்களின் ஊர். சுந்தரம் ஃபைனான்ஸ் 1954இலும் ஸ்ரீராம் 1974இலும் இங்கே தொடங்கியவை, சோழமண்டலமும் இங்கேதான். லாரிக் கடன் மூன்று நான்கு வருடத்தில் மாதாமாதம் அசலோடு திரும்பி வரும். வீட்டுக் கடனும் கட்டுமானத் திட்டக் கடனும் அப்படித் திரும்பாது. கொடுத்த கடன் திரும்பும் வேகமும் வாங்கிய கடன் முடியும் வேகமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதைத்தான் ஏஎல்எம் என்கிறோம். 2019 நவம்பரில் ரிசர்வ் வங்கி இந்த நிறுவனங்களுக்கு ரொக்க நெருக்கடி தொடர்பான புதிய விதிகளைக் கொண்டுவந்ததற்குப் பின்னணி இதுதான்.

2020 ஏப்ரல் 23இல் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஃபண்டுகளை மூடியதையும் வகுப்பில் எடுப்பேன். முதலீட்டாளர் எந்த நாளும் பணத்தை எடுக்கலாம். ஆனால் ஃபண்டின் கையில் இருந்த பத்திரங்களை கொரோனா நேரச் சந்தையில் எந்த நாளும் விற்க முடியாது. பணம் பின்னர் படிப்படியாகத் திரும்பியே வந்தது. அதாவது பத்திரங்கள் மோசம் போகவில்லை, தேதிகள்தான் பொருந்தவில்லை. மாணவர்கள் நஷ்டம் என்றால் பணம் போவது மட்டும் என்று நினைக்கிறார்கள். மே மாதக் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் அடுத்த வருடம் முழுசாக வந்து என்ன பயன்? 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி விழுந்ததும் இதே வகைதான். அங்கே நீண்ட காலப் பத்திரங்கள் கையில். மார்ச் 9 ஒரே நாளில் வைப்பாளர்கள் எடுக்கப் பார்த்தது 42 பில்லியன் டாலர்.

அந்த வங்கி விழுந்ததைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போதும். பத்து வருடப் பத்திரம், வருடத்துக்கு 7 சதவீத வட்டி, விலை 100 ரூபாய். சந்தை வட்டி 8 சதவீதமாக ஏறினால் அதே பத்திரம் 93 ரூபாய்ச் சொச்சத்துக்குத்தான் போகும். முடிவு வரை வைத்திருந்தால் நஷ்டமில்லை. வைத்திருக்க விடுவார்களா என்பதுதான் கேள்வி.

உங்கள் கணக்குப் பயத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். கூட்டு வட்டி, இன்றைய மதிப்பு கண்டுபிடிப்பது, சராசரியும் திட்ட விலக்கமும், கொஞ்சம் எக்செல். நிறுவன டிரஷரிக்கு இவ்வளவுதான் அடித்தளம். வங்கியில் ஆப்ஷன் (குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உள்ள உரிமை) விலை மாதிரிகள் கட்டும் வேலைக்குப் போக வேண்டுமென்றால்தான் உயர்கணிதம் வேண்டும், அது வேறு வழி. இங்கே வேண்டியது கவனம். டாலர் கடனுக்கு வருடத்தை 360 நாளாகக் கொள்வது வழக்கம், ரூபாய்க் கடனுக்கு 365. பத்து லட்சம் டாலருக்கு 5 சதவீதத்தில் 90 நாள் வட்டி, 360 என்றால் 12,500 டாலர், 365 என்றால் 12,329. வங்கி அனுப்பும் தாளில் எந்த எண் போட்டிருக்கிறது என்று பார்ப்பவர் வேண்டும். கணிதத்தில் நூறு வாங்கிய பலர் இதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதைக் கண்டிருக்கிறேன்.

அந்நியச் செலாவணிதான் மாணவர்களுக்குப் பிடித்த பகுதி. குழப்பமும் அங்கேதான் அதிகம். ஏற்றுமதியாளர் ஒருவருக்கு மூன்று மாதத்தில் 5 லட்சம் டாலர் வர வேண்டும். இன்றைய விலை 85 ரூபாய், ரூபாய்க்கும் டாலருக்கும் வட்டி வித்தியாசம் வருடத்துக்கு 1.8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாத ஃபார்வர்டு, அதாவது மூன்று மாதம் கழித்து மாற்ற இன்றே உறுதிசெய்துகொள்ளும் விலை, ஏறக்குறைய 85 ரூபாய் 38 காசு. இந்த 38 காசு யாருடைய ஆரூடமும் இல்லை, வெறும் வட்டிக் கணக்கு. "மார்க்கெட் டாலர் ஏறும் என்று எதிர்பார்க்கிறது சார்" என்று நேர்முகத் தேர்வில் சொன்னால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும், பாடம் உள்ளே போகவில்லை என்று. ஏற்றுமதியாளருக்கு அந்தப் பிரீமியம் மொத்தம் 1.9 லட்சம் வரவு. அதே பேட்டையில் இருக்கும் இறக்குமதியாளருக்கு அது செலவு. ஏற்றுமதிக்காரர் எளிதாக ஃபார்வர்டு போடுகிறார், இறக்குமதிக்காரர் "கொஞ்சம் பார்ப்போம்" என்று திறந்தே விடுகிறார். நம் ஊரில் பல நிறுவனங்கள் அடிபடுவது இந்தப் "பார்ப்போம்" என்ற இடத்தில்தான்.

தேதி பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிது. ஏற்றுமதிப் பணத்துக்கு ஜனவரி 16 அன்று முடியும்படி ஃபார்வர்டு போட்டேன். மும்பையில் அன்று சந்தை திறந்திருக்கிறது, டீலரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இங்கே 15 பொங்கல், 16 திருவள்ளுவர் நாள், 17 உழவர் திருநாள், அதற்கு அடுத்த நாள் ஞாயிறு. கிளை நான்கு நாள் மூடியிருந்தது. டாலர் வந்து காத்திருக்கிறது, ஒப்பந்தத்தை நிறைவேற்ற இங்கே ஆளில்லை. திங்கட்கிழமை போனால் தேதி தாண்டிவிட்டது என்று, ஒப்பந்தத் தேதியைத் தள்ளிப்போட ஸ்வாப் கட்டணம் போட்டார்கள். பெரிய தொகை இல்லை. ஆனால் நிதித் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "காலண்டர் வாங்கித் தரட்டுமா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து டிசம்பர் மாதமே மும்பை விடுமுறை, தமிழ்நாட்டு விடுமுறை, நியூயார்க் விடுமுறை மூன்றையும் ஒரே தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடுவேன். என் மாணவர்களுக்கு முதல் வாரப் பயிற்சியும் அதுதான்.

இன்னொன்று, பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் நீங்களாகப் படிக்க வேண்டியது. 2007இல் தமிழ்நாட்டு நிறுவனங்கள் பலவும் வங்கிகளோடு சிக்கலான டெரிவேட்டிவ் (வேறொன்றின் விலையை வைத்து மதிப்பு மாறும்) ஒப்பந்தங்கள் போட்டன. தங்கள் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத டாலர், சுவிஸ் ஃபிராங்க் விலையை வைத்துக்கூட ஒப்பந்தங்கள் இருந்தன. கையிலிருந்து பிரீமியம் கொடுக்க வேண்டாம் என்பது கவர்ச்சி. ஆனால் இலவசமாகக் கிடைத்த பாதுகாப்புக்குப் பதிலாக இவர்கள் ஒரு ஆப்ஷனை விற்றிருக்கிறார்கள், அதன் நஷ்டத்துக்கு மேல்வரம்பு கிடையாது. வழக்குகள் வந்தன. ராஜஸ்ரீ சுகர்ஸ் எதிர் ஆக்சிஸ் வங்கி வழக்கில் 2008 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், இந்த ஒப்பந்தம் சூதாட்டம், ஆகவே செல்லாது என்ற வாதத்தை ஏற்கவில்லை. டெரிவேட்டிவ் என்றால் என்ன என்பதை அடிப்படையிலிருந்து விளக்கிக்கொண்டு போகும் தீர்ப்பு அது. பொறுமையாக உட்கார்ந்து படியுங்கள், ஒரு பருவத்துப் பாடத்துக்குச் சமம். எதைக் காப்பாற்ற இந்த ஒப்பந்தம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால் கையெழுத்து வேண்டாம் என்று நான் இன்றும் பிடிவாதமாக இருப்பதற்கு அந்த வருடங்கள்தான் காரணம்.

எங்கே படிப்பது? ஐஐடி மெட்ராஸில் கேட் (CAT) நுழைவுத் தேர்வு மதிப்பெண் வழியாக எம்பிஏ. லயோலா வளாகத்தில் லிபா மேலாண்மைக் கல்லூரி. மாமல்லபுரம் பக்கம் கிரேட் லேக்ஸ். பொருளாதாரத்தின் பக்கமிருந்து சந்தைக்கு வர விரும்பினால் கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ். நுங்கம்பாக்கத்தில் பல தலைமுறை நிதி மாணவர்களை உருவாக்கிய ஐஎஃப்எம்ஆர் இப்போது கிரியா பல்கலைக்கழகத்தோடு ஸ்ரீசிட்டியில். டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி அண்ணா பல்கலைக்கழக வழியில் எம்பிஏ சேரலாம். வேலையை விடாமல் படிக்க வேண்டுமென்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொலைதூர வழியும் உண்டு.

சிறப்புப் பாடத்தின் பெயரைப் பார்த்து மட்டும் சேராதீர்கள். சேரும் முன் கல்லூரியில் நேராகக் கேளுங்கள்: இந்தப் பாடத்தை எடுப்பவர் எப்போதாவது ஒரு டீலை முடித்தவரா? போன வருடம் எத்தனை பேர் டிரஷரியில் இன்டர்ன்ஷிப் செய்தார்கள், எந்த நிறுவனங்களில்? இன்ட்ஏஎஸ் 109 (நிதிக் கருவிகளுக்கான கணக்கு விதி) சொல்லும் ஹெட்ஜ் அக்கவுன்டிங், அதாவது பாதுகாப்பு ஒப்பந்தங்களைக் கணக்கில் காட்டும் முறை, பாடத்தில் இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு விழித்தால் அங்கே டிரஷரி என்ற பெயரில் பங்குச் சந்தைதான் நடக்கிறது என்று பொருள். பங்குச் சந்தை தப்பில்லை. ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல.

சான்றிதழ்கள் பற்றிச் சுருக்கமாக. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி உருவாக்கிய என்ஐஎஸ்எம் என்ற பயிற்சி நிறுவனம் நடத்தும் கரன்சி டெரிவேட்டிவ் தேர்வை இந்த வருடமே எழுதிவிடலாம், செலவும் குறைவு. வங்கியாளர்களுக்கான ஐஐபிஎஃப் நிறுவனம் நடத்தும் டிரஷரி, முதலீடு, இடர் மேலாண்மை டிப்ளமா வங்கிப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு நல்லது. இடர் மேலாண்மைக்கான எஃப்ஆர்எம், முதலீட்டுப் பகுப்பாய்வுக்கான சிஎஃப்ஏ இரண்டும் நல்ல படிப்புதான், ஆனால் மேற்படிப்போடு சேர்த்து இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டிலும் தேறாமல் போனவர்கள் உண்டு. இங்கே பல டிரஷரிகளின் தலைமையில் சிஏ படித்தவர்கள்தான் இருக்கிறார்கள். அதைப் பார்த்துத் தயங்க வேண்டாம், அவர்களுக்கும் சந்தை தெரிந்த ஆள் தேவைப்படுகிறது.

வேலைக்கு வருவோம். உண்மையைச் சொல்ல வேண்டும்: வங்கியின் டீலிங் ரூமில் உட்கார்ந்து ரூபாய்-டாலர் விலை சொல்லும் நாற்காலிதான் கனவு என்றால் பெரும்பாலும் மும்பைதான். சென்னைக்கென்று இருந்த பங்குச் சந்தையும் 2015இல் செபி அனுமதியோடு மூடப்பட்டது. ஆனால் நிறுவன டிரஷரிக்கு இந்த ஊர் போல வேறு சில ஊர்கள்தான் இருக்கின்றன. முதலாவது, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார், உதிரிபாகம், மின்னணுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. எல்லாமே இறக்குமதியும் ஏற்றுமதியும் கலந்தவை. இரண்டாவது, நிதி நிறுவனங்கள். அங்கே டிரஷரி என்பது உபரிப் பணத்தைப் பார்க்கும் மூலை மேசை இல்லை, அதுதான் கொள்முதல் பிரிவு. அவர்கள் விற்கும் சரக்கே பணம்தானே! வங்கிக் கடன், என்சிடி (பங்காக மாற்ற முடியாத கடன் பத்திரம்), கமர்ஷியல் பேப்பர், கடன்களைத் தொகுத்து விற்கும் செக்யூரிட்டைசேஷன் எல்லாவற்றையும் இரண்டு வருடத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். என்னிடம் யோசனை கேட்டால் உங்களை முதலில் அங்கேதான் அனுப்புவேன்.

மூன்றாவது, பழைய மகாபலிபுரம் சாலையிலும் சுற்றுப்புறத்திலும் இருக்கும் பன்னாட்டு வங்கிகளின், நிறுவனங்களின் சேவை மையங்கள். உலக வங்கிக்கே தரமணியில் பெரிய அலுவலகம் இருக்கிறது. இந்த மையங்களில் டீல் உறுதிப்படுத்துதல், செட்டில்மென்ட், பணப்புழக்க அறிக்கை என்றுதான் தொடங்கும். லண்டன், நியூயார்க் நேரத்துக்கு வேலை பார்க்க வேண்டியிருக்கும். சிலர் அதைக் குமாஸ்தா வேலை என்று ஒதுக்குகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு டீல் எங்கே உடைகிறது என்பது அதை முடித்துவைக்கும் மேசையில்தான் தெரியும். ஆனால் மூன்று வருடத்துக்கு மேல் ஒரே மேசையில் தங்கிவிடாதீர்கள்.

வங்கியாளர் நாராயணன் வாகுல் பெயரை ஒவ்வொரு பருவமும் ஒருமுறையாவது வகுப்பில் சொல்வேன். லயோலாவில் படித்தவர். 1987இல் அவர் தலைமையில் வந்த பணச் சந்தைக் குழுவின் அறிக்கையை ஒட்டித்தான் 1990இல் கமர்ஷியல் பேப்பர் இந்தியாவுக்கு வந்தது. கடன் தரமிடும் கிரிசில் நிறுவனத்தின் முதல் தலைவரும் அவர்தான். இன்று நீங்கள் பாடமாகப் படிக்கப் போகும் சந்தையைக் கட்டியவர்களில் ஒருவர் நுங்கம்பாக்கத்தில் வகுப்புக்குப் போனவர். இந்த ஊரில் இருந்துகொண்டு சந்தையைத் தூரத்து விஷயமாக நினைக்க வேண்டியதில்லை.

சேருவதற்கு இன்னும் சில மாதம் இருக்கிறது இல்லையா? அதற்குள் செய்ய வேண்டியவற்றில் முதலாவது, சென்னை நிறுவனங்கள் மூன்றின் ஆண்டறிக்கையை இறக்கிக்கொள்ளுங்கள்: ஒரு டயர் அல்லது வாகன நிறுவனம், ஒரு நிதி நிறுவனம், ஒரு மருத்துவமனை. கடைசிப் பக்கங்களில் நிதி இடர் மேலாண்மை என்ற குறிப்பு இருக்கும். அதில் ஒரு வருடத்துக்குள் முடியும் கடன் எவ்வளவு, அதற்கு மேல் எவ்வளவு என்ற அட்டவணை கண்டிப்பாக இருக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேற்படிப்பின் ஆய்வுத் தலைப்பே அங்கிருந்து கிடைக்கலாம்.

அடுத்தது, ரிசர்வ் வங்கியின் ரீடெயில் டைரக்ட் தளத்தில் கணக்குத் தொடங்குங்கள். 2021 நவம்பரில் வந்தது, தனிநபர் நேராக அரசுப் பத்திரம் வாங்கலாம். குறைந்தது 10,000 ரூபாய். வழக்கமாகப் புதன்கிழமை 91, 182, 364 நாள் டிரஷரி பில் (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம்) ஏலம் நடக்கும். உங்கள் சம்பளத்திலிருந்து 10,000க்கு 91 நாள் பில் கேளுங்கள். 98 ரூபாய் 50 காசுக்குக் கிடைத்தால் முடிவில் 100. வட்டி எவ்வளவு என்று 365 நாளுக்கு நீங்களே போட்டுப் பாருங்கள், 6.1 வர வேண்டும். அந்த மூன்று மாதமும் ஒவ்வொரு புதனும் புதிய பில் என்ன விலைக்குப் போனது, அந்த வாரம் வரித் தேதி ஏதாவது இருந்ததா, ரிசர்வ் வங்கி எவ்வளவு பணம் உள்ளே விட்டது என்று ஒரு நோட்டில் நாலு வரி எழுதுங்கள். கல்லூரி நேர்முகத்துக்குப் போகும்போது அந்த நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.